பாதி பாதி என்பது நியாயமா? இரட்டையர் பந்தயங்களின் பழைய கணக்கு

ஹைராக்ஸ் என்ற பெயரை இப்போது எந்த ஜிம்முக்குப் போனாலும் கேட்கலாம். 1 கிலோமீட்டர் ஓடி வந்து ஒரு வேலை, மறுபடி 1 கிலோமீட்டர் ஓடி வந்து அடுத்த வேலை, இப்படி எட்டு முறை. ஸ்கீ-எர்க் இயந்திரத்தில் 1000 மீட்டர் இழுப்பது, எடை ஏற்றிய ஸ்லெட்டை 50 மீட்டர் தள்ளுவது, இன்னொரு ஸ்லெட்டைக் கயிற்றால் 50 மீட்டர் இழுப்பது, பர்பி போட்டுத் தாவித் தாவி 80 மீட்டர் போவது, துடுப்பு இயந்திரத்தில் 1000 மீட்டர், இரண்டு கையிலும் எடை தூக்கி 200 மீட்டர் நடை, மணல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு முழங்கால் மடக்கி மடக்கி 100 மீட்டர், கடைசியில் கனமான பந்தைச் சுவரில் உள்ள குறிக்கு 100 முறை எறிந்து பிடிப்பது. ஓட்டமும் பாரமும் கலந்து வருவதால் ஹைப்ரிட் பந்தயம் என்கிறார்கள்.

இதில் இரட்டையர் பிரிவும் உண்டு. 8 கிலோமீட்டரையும் இருவரும் சேர்ந்தே ஓட வேண்டும். நடுவில் வருகிற எட்டு வேலைகளை மட்டும் தங்களுக்குள் எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம். ஒருவர் செய்யும்போது மற்றவர் பக்கத்தில் நிற்கலாம். கடிகாரம் ஒன்றுதான், நேரமும் ஒன்றுதான்.

அந்த "எப்படி வேண்டுமானாலும்" என்ற இடத்தில்தான் எனக்கு ஆர்வம் பிறந்தது. நானும் அக்கா மகனும் இந்தப் பிரிவில் ஓடுவதாக இருக்கிறோம். எனக்கு 46, அவனுக்கு 25. என்னைவிட நன்றாக ஓடுவான். நான் அவனைவிடக் கனம், அதனால் பாரம் தள்ளுவதில் கொஞ்சம் கைகொடுப்பேன். பேச்சு ஆரம்பித்த அன்றே அவன் கணக்கை முடித்துவிட்டான்: "எல்லாத்தையும் பாதி பாதியாப் பிரிச்சுக்கலாம் மாமா. அதான் நியாயம்."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு பேருக்குச் சேர்த்து ஒரே நேரம் என்று வைக்கிற பந்தயம் ஹைராக்ஸோடு பிறந்தது இல்லை. நூறு வருடங்களுக்கு மேலாக இருக்கிறது. அங்கெல்லாம் வேலையை எப்படிப் பிரித்தார்கள், எது வேகம் கொடுத்தது என்று தேடிப் படித்த குறிப்புகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். மாமனும் மருமகனும் பந்தயத்துக்குப் பிறகும் பேசிக்கொள்ள வேண்டும் என்ற சொந்தக் கவலையும் இதில் உண்டு, மறைக்கவில்லை.

ஒரு குதிரை, இரண்டு பயணிகள்

பந்தயம் என்று ஆவதற்கு முன்பே இந்தக் கணக்கு வழிப்பயணத்தில் இருந்திருக்கிறது. ஹென்றி ஃபீல்டிங் 1742-இல் வெளியிட்ட 'ஜோசப் ஆண்ட்ரூஸ்' நாவலில் இதை விளக்குகிறார். இரண்டு பேர், குதிரை ஒன்றுதான். இருவரும் ஒரே நேரத்தில் கிளம்புகிறார்கள். ஒருவர் குதிரையில் முன்னால் போய், பேசிவைத்த தூரத்தில் இறங்கி, குதிரையைக் கட்டிவிட்டு நடக்க ஆரம்பிக்கிறார். பின்னால் நடந்து வருகிறவர் குதிரையை அவிழ்த்து ஏறி, முன்னவரைத் தாண்டிப் போய், மறுபடி கட்டுகிறார். இதற்கு ஆங்கிலத்தில் 'ரைட் அண்ட் டை' என்று பெயர்: ஏறு, கட்டு.

இது வெறும் வசதியா, லாபமா? போட்டுப் பார்ப்போம். 20 கிலோமீட்டர் வழி. நடை மணிக்கு 5, குதிரை மணிக்கு 10 என்று வைத்துக்கொள்வோம். இருவரும் நடந்தே போனால் 4 மணி நேரம். ஆளுக்குப் பாதி வழி குதிரை என்றால் நடை 2 மணி, சவாரி 1 மணி, ஆக 3 மணி நேரத்தில் இருவருமே போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். குதிரை ஓடியது 2 மணி நேரம்தான். மீதி 1 மணி நேரம் மரத்தடியில் நின்று இளைப்பாறியிருக்கிறது!

இந்த ஓய்வைக் கவனியுங்கள். மூன்று உயிர்களில் ஒன்று மாற்றி ஒன்று ஓய்வெடுத்துக்கொண்டே, மொத்தக் கூட்டமும் வேகமாகப் போகிறது. 1971-இல் கலிஃபோர்னியாவில் லீவை ஸ்ட்ராஸ் நிறுவனத்தின் ஆதரவில் இதே முறையைப் பந்தயமாக நடத்தினார்கள். இன்றும் நடக்கிறது. இரண்டு பேரும் குதிரையும் மூவருமே எல்லைக்கோட்டைத் தாண்டினால்தான் அந்த அணியின் நேரம் முடியும். ஒருவர் மட்டும் சீக்கிரம் வந்து பயனில்லை. ஹைராக்ஸ் ஓட்டத்தின் விதியும் சாரத்தில் இதேதான்.

ஆறு நாள் பந்தயம்

அடுத்த இடம் நியூயார்க். ஆனால் அதற்கு முன் லண்டனை ஒரு எட்டு பார்த்துவிட வேண்டும்.

1878-இல் லண்டன் இஸ்லிங்டனில் உள்ள அக்ரிகல்சுரல் ஹாலில் டேவிட் ஸ்டாண்டன் என்பவர், ஆறு நாளில் 1000 மைல் சைக்கிள் ஓட்டுவதாகப் பந்தயம் கட்டி ஓட்டிக் காட்டினார். முன்சக்கரம் ஆளுயரம் இருக்கிற அந்தக் காலத்து சைக்கிள். அதே வருடம் அங்கேயே பல பேர் போட்டியிடுகிற ஆறு நாள் பந்தயமும் நடந்தது. ஏன் ஆறு நாள்? ஞாயிற்றுக்கிழமை கேளிக்கை கூடாது என்பதால் திங்கள் முதல் சனி வரை, அவ்வளவுதான்.

இந்தப் பழக்கம் அமெரிக்காவுக்குப் போனதும் பேயாட்டமாக மாறியது. 1891 முதல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆறு நாள் பந்தயம். இரவு பகல் என்று கடிகாரம் நிற்காது. தூங்குகிற நேரம் அவரவர் தலையெழுத்து. யார் குறைவாகத் தூங்கி அதிக மைல் ஓட்டுகிறாரோ அவர் ஜெயித்தார். 1896-இல் டெடி ஹேல் 1,910 மைல். அந்தப் பந்தயத்தில்தான் பிற்பாடு உலக சாம்பியன் ஆன கறுப்பின வீரர் மேஜர் டெய்லர், 18 வயதில் ஓட்டி எட்டாவதாக வந்தார். தூக்கம் கெட்டு, இல்லாத ஆள் தன்னைத் துரத்துவதாகக் கண்டு மிரண்டார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1897-இல் சிகாகோவின் சார்லி மில்லர் 2,093 மைல் ஓட்டினார். மறு வருடமும் அவரே ஜெயித்தார், கடைசி நாளில் அதே அரங்கத்திலேயே கல்யாணமும் செய்துகொண்டார்.

இது விளையாட்டா, சித்திரவதையா என்று பத்திரிகைகள் கேட்க ஆரம்பித்தன. நியூயார்க் மாநிலத்தில் சட்டம் வந்தது: ஒரு ஆள் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. அரங்கக்காரர்கள் யோசித்தார்கள். ராத்திரி முழுக்க டிக்கெட் விற்கிற வியாபாரத்தை விட மனசில்லை. சரி, ஒரு ஆளுக்குப் பதிலாக இரண்டு ஆள். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் ஓய்வு. சட்டமும் மீறப்படவில்லை, பந்தயமும் நிற்கவில்லை. இப்படித்தான் 1899-இல் இரட்டையர் பந்தயம் பிறந்தது. அந்த அரங்கத்தின் பெயராலேயே இன்றைக்கும் அதை 'மேடிசன்' என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 'அமெரிக்க முறை' என்கிறார்கள்.

அந்த முதல் இரட்டையர் பந்தயத்தை ஜெயித்தது யார் தெரியுமா? அதே சார்லி மில்லர்தான், ஃபிராங்க் வாலர் என்பவரோடு சேர்ந்து. அவர்கள் ஓட்டியது 2,733 மைல்.

நான் பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டது இந்த இடத்தில். தனியாக 2,093, ஜோடியாக 2,733. ஆள் இரட்டிப்பானதும் தூரம் இரட்டிப்பாகவில்லை. சுமார் 30 சதவீதம்தான் கூடியது. இதையே திருப்பிப் பாருங்கள். சராசரியாக ஒரு ஆள் ஓட்டியது 1,367 மைலுக்குக் கொஞ்சம் குறைவு. தனியாக ஓட்டியதைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்த உழைப்பு. ஆளுக்கு உழைப்பு இவ்வளவு குறைந்தும் வேகம் இவ்வளவு ஏறியிருக்கிறது. ஓய்வெடுத்த உடம்பு ஓட்டிய மைல்கள் வேறு தரத்து மைல்கள்.

மாற்றத்தின் கலை

ஆரம்பத்தில் ஜோடிகள் மணிக்கணக்கில் முறை வைத்து ஓட்டின. ஒருவர் தடத்தில், ஒருவர் தட்டிக் கூண்டுக்குள் தூக்கத்தில். போகப் போக ஒன்று தெரிந்தது. நீண்ட முறையைவிடக் குறுகிய முறை வேகமானது. எதிர் ஜோடி ஒரு சுற்று முன்னே போகத் திடீரென்று பாய்ந்தால், களைத்தவரை வைத்துக்கொண்டு துரத்த முடியாது. உடனே புது ஆளை இறக்க வேண்டும், இரண்டு மூன்று சுற்றில் அவரை எடுத்துவிட்டுப் பழையவரை இறக்க வேண்டும். இதற்கு இருவருமே தடத்தில் இருந்தாக வேண்டும். அதனால் ஓய்வெடுக்கிறவர் இறங்கிப் போகாமல் தடத்தின் மேல்விளிம்பில் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கிற வழக்கம் வந்தது. இன்றைய மேடிசனில் அதைப் பார்க்கலாம்.

இரண்டாவது கண்டுபிடிப்பு, கைமாற்றம். வேகமாக வருகிறவர் மெதுவாகச் சுற்றுகிறவரின் கையைப் பிடித்து முன்னால் வீசி எறிவார். தன்னிடம் இருக்கிற வேகத்தை அடுத்தவர் உடம்புக்குள் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வார். இதற்காகவே கால்சட்டையின் இடுப்புப் பக்கத்தில் ஒரு சிறு உருளையை வைத்துத் தைத்து, அதைப் பிடித்துத் தள்ளுகிற முறையும் இருந்தது. ஆள் மாறுவதால் நேரம் வீணாகும் என்பதுதான் நம் பொதுப்புத்தி. மேடிசன்காரர்கள் மாறுகிற கணத்தையே லாபமாக ஆக்கிவிட்டார்கள்.

1914-இல் அதே அரங்கத்தில் ஆஸ்திரேலியர்களான ஆல்ஃப் கூலட், ஆல்ஃபிரட் கிரெண்டா ஜோடி 2,759 மைல் ஓட்டிச் சாதனை படைத்தது. 1899-இன் தூரத்தைவிட 26 மைல் மட்டும் அதிகம். பதினைந்து வருடத்தில் 1 சதவீதம். தனியிலிருந்து ஜோடிக்கு மாறிய ஒரே மாற்றம் கொடுத்தது 30 சதவீதம்! பிறகு மேடிசன் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு நுழைந்து, 2008-க்குப் பின் நீக்கப்பட்டு, டோக்கியோவில் பெண்களுக்கும் சேர்த்துத் திரும்ப வந்தது. பல ஜோடிகளில் ஒருவர் பாய்ச்சல்காரர், மற்றவர் நின்று நிதானமாக ஓட்டுகிறவர். புள்ளிக்கான பாய்ச்சல் வருகிற சுற்றில் பாய்ச்சல்காரர் தடத்தில் இருக்கும்படி மற்றவர் கணக்குப் பண்ணி மாற்றிவிடுவார். சமமாகப் பிரிக்க வேண்டும் என்று அங்கே யாரும் நினைப்பதில்லை. எந்தச் சுற்று யாருக்கு என்பதே பேச்சு.

ஸ்டாக்ஹோம் ஆய்வுக்கூடத்தில்

சைக்கிள்காரர்கள் அனுபவத்தில் கண்டது ஏன் நடக்கிறது என்பதற்கு விடை 1960-இல் ஸ்டாக்ஹோமிலிருந்து வந்தது. இர்மா ஆஸ்ட்ரண்ட், பெர்-ஓலோஃப் ஆஸ்ட்ரண்ட், எரிக் ஹோவு கிறிஸ்டென்சன், ரூனே ஹெட்மன் ஆகிய நால்வர் வெளியிட்ட ஆய்வு. உடலியல் படிப்பவர்கள் எல்லோருக்கும் பரிச்சயமானது. படித்தபோது, இது ஹைராக்ஸ் இரட்டையருக்காகவே எழுதினது மாதிரி இருக்கே என்று தோன்றியது.

நிலைசைக்கிளில் சுமார் 350 வாட் பளுவை வைத்து ஒருவரை மிதிக்கச் சொன்னார்கள். நிறுத்தாமல் மிதித்தால் சுமார் 9 நிமிடத்தில் ஆள் சோர்ந்துபோனார். பிறகு அதே பளுவை விட்டு விட்டுக் கொடுத்தார்கள். 3 நிமிடம் மிதி, 3 நிமிடம் ஓய்வு என்றபோது ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தாலும் கடைசியில் தள்ளாட்டம், ரத்தத்தில் லாக்டேட் ஏறிக் கிடந்தது. 30 விநாடி மிதி, 30 விநாடி ஓய்வு என்றபோது அதே ஒரு மணி நேரத்தைப் பெரிய சிரமம் இல்லாமல் முடித்தார். லாக்டேட் ஓய்வாக இருக்கும்போது உள்ள அளவைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

இரண்டு முறையிலும் மொத்த வேலை ஒன்றே: ஒரு மணியில் 30 நிமிடம். மொத்த ஓய்வும் ஒன்றே. துண்டு போட்ட விதம் மட்டும் வேறு.

காரணத்தை எளிமையாகச் சொல்கிறேன். தசைக்குள் கொஞ்சம் கையிருப்பு உண்டு. மயோகுளோபினில் ஒட்டியிருக்கிற ஆக்சிஜன், உடனடிச் செலவுக்கான பாஸ்போகிரியேட்டின் இரண்டும் சில்லறைப் பணம் மாதிரி. அரை நிமிட வேலைக்கு இந்தச் சில்லறை கிட்டத்தட்டப் போதும். உடனே ஓய்வு கிடைத்தால் மூச்சு வாங்கி அதை நிரப்பிக்கொள்ளலாம். மூன்று நிமிடம் தொடர்ந்து செய்தால் சில்லறை தீர்ந்து, கடன் வாங்க வேண்டிவரும். கடனுக்கு வட்டி உண்டு. அந்த வட்டியை அடுத்த கிலோமீட்டர் ஓட்டத்தில் கட்ட வேண்டும். ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போட்டு நெல் குத்துவதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் நடுவிலேயே அவர்களுக்கு ஓய்வு கிடைத்துவிடுகிறது.

கயிறு கட்டிய ஓட்டம்

பலம் சமமாக இல்லாத ஜோடி சேர்ந்தே ஓடியாக வேண்டும் என்றால் என்ன செய்வது? இதற்கும் ஸ்வீடனில்தான் ஒரு விடை இருக்கிறது. 2002-இல் ஸ்டாக்ஹோமுக்கு அருகே உத்தோ தீவில் விடுதி நடத்திய ஆண்டர்ஸ் மால்மும் அவரது மூன்று நண்பர்களும் ஒரு பந்தயம் கட்டினார்கள். இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து, தீவுகளில் ஓடி, நடுவில் உள்ள கடலை நீந்தி, சாண்ட்ஹாம்ன் வரை போக வேண்டும். பின்னால் வருகிற ஜோடி சாப்பாட்டுச் செலவை ஏற்க வேண்டும். போய்ச் சேர ஒரு நாளுக்கு மேல் ஆனது. 2006-இல் இது ஓட்டிலோ என்ற முறையான பந்தயமாகியது. சுமார் 75 கிலோமீட்டர். பாதுகாப்புக்காக ஜோடியாகத்தான் போக வேண்டும், ஒருவரை ஒருவர் விட்டுப் பிரியக் கூடாது.

அங்கே பல ஜோடிகள் இடுப்பில் கயிறு கட்டிக்கொள்வார்கள். நீச்சலில் வல்லவர் முன்னால் போய் மற்றவரை இழுப்பார். கரை ஏறியதும் ஓட்டத்தில் வல்லவர் முன்னால் வருவார். மிச்சமாகிற பலம் வீணாகாமல் கயிறு வழியாக அடுத்தவருக்குப் போகிறது.

ஹைராக்ஸில் கயிறு கிடையாது. வேகமாக ஓடுகிறவர் மெதுவானவரின் வேகத்துக்கு இறங்கித்தான் ஓட வேண்டும். அவரிடம் மிச்சமாகிற பலத்தை ஓட்டத்தில் கொடுக்க வழியே இல்லை. கொடுக்கக்கூடிய ஒரே இடம் அந்த எட்டு வேலைகள். அங்கே அவர் அதிகம் செய்தால், மற்றவர் கொஞ்சம் மூச்சோடு அடுத்த ஓட்டத்துக்கு வருவார். கயிறு செய்கிற வேலையை இங்கே வேலைப் பங்கீடு செய்கிறது.

ஹாம்பர்க், 2017

இனி ஹைராக்ஸுக்கு வருவோம். 2017-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இதைத் தொடங்கியவர்கள் இருவர். கிறிஸ்டியன் தோட்ஸ்கே, பெரிய சைக்கிள் பந்தயங்களையும் ட்ரையத்லான்களையும் நடத்திப் பழகியவர். மோரிட்ஸ் ஃபூர்ஸ்டே, 2008 பெய்ஜிங்கிலும் 2012 லண்டனிலும் தங்கம் வென்ற ஜெர்மன் ஹாக்கி அணியில் இருந்தவர். நம்மூர் ஹாக்கி ரசிகர்களுக்கு இவர் புதியவர் இல்லை. 2013-இல் ஹாக்கி இந்தியா லீக்கின் முதல் கோப்பையை வென்ற ராஞ்சி அணியில் ஆடியவர். ஹாக்கியில் ஆட்டக்காரரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். சில நிமிடம் மூச்சுமுட்ட ஆடுவது, வெளியே உட்காருவது, மறுபடி இறங்குவது அங்கே அன்றாடம். இந்தியாவுக்கு ஹைராக்ஸ் 2025 மே மாதம் மும்பையில் வந்தது.

ஒரே வரிசை, ஒரே எடை, உள்ளரங்கம் என்று எல்லா ஊரிலும் ஒரே அளவில் நடப்பதால், ஓர் ஊரில் எடுத்த நேரத்தை இன்னோர் ஊரோடு ஒப்பிடலாம். இரட்டையரில் நேரம் குறைக்க நினைப்பவர்களுக்கு இந்த வரலாறு என்ன சொல்கிறது என்று எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஓட்டம். இரண்டு பேரும் முழுசாகச் செய்கிற ஒரே வேலை இதுதான். மெதுவாக ஓடுகிறவர் கிலோமீட்டருக்கு 10 விநாடி முன்னேறினால் மொத்தத்தில் 80 விநாடி லாபம். வேகமானவர் அதே 10 விநாடி முன்னேறினால் ஓட்ட நேரத்தில் நேரடி லாபம் பூஜ்யம். எனவே பயிற்சிக் காலத்தில் ஜோடியின் முதல் முதலீடு மெதுவானவரின் ஓட்டத்தில் போக வேண்டும். எங்கள் ஜோடியில் அது நான். வாரத்தில் ஒரு நாள் ஸ்லெட் குறைந்தாலும் பரவாயில்லை, ஓட்டம் குறையக் கூடாது.

அடுத்தது துண்டு போடும் அளவு. 30 விநாடிக்கு ஒருமுறை மாற்றலாம் என்று ஸ்டாக்ஹோம் சொல்கிறது. ஆனால் சைக்கிள் தடத்தில் இருந்த கைவீச்சு இங்கே இல்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் சில விநாடி செலவு. ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் தனிக் கணக்கு வேண்டும். துடுப்பு இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். 500 மீட்டருக்கு 2 நிமிடம் என்ற வேகத்தில் போனால் 1000 மீட்டர் 4 நிமிடம். மாறி மாறிச் செய்வதால் 1 நிமிடம் 50 விநாடி வேகம் பிடிக்க முடிந்தால் 3 நிமிடம் 40 விநாடி. லாபம் 20 விநாடி. பாதத்தின் பட்டையை அவிழ்த்து, எழுந்து, அடுத்தவர் உட்கார்ந்து கட்ட 8 விநாடி என்று வையுங்கள். ஒரு முறை மாறினால் 12 விநாடி மிச்சம். மூன்று முறை மாறினால் 4 விநாடி நஷ்டம். ஸ்கீ-எர்க் அப்படி இல்லை. நின்றபடி கைப்பிடியை மாற்றிக்கொள்வதுதான், அதனால் நாலைந்து முறை தாராளமாக மாறலாம்.

ஸ்லெட் தள்ளுவதில் இன்னொரு விஷயம். ஆண்கள் ஓபன் இரட்டையரில் ஸ்லெட்டோடு சேர்த்து 152 கிலோ. நகர்ந்துகொண்டிருக்கிற பாரத்தைத் தள்ளுவதைவிட நின்றுவிட்ட பாரத்தைக் கிளப்பத்தான் அதிக பலம் வேண்டும். 50 மீட்டர் என்பது 12.5 மீட்டராக நான்கு தடவை. ஒவ்வொரு கோடியிலும் எப்படியும் ஸ்லெட் நின்று, ஆள் சுற்றி வர வேண்டும். மாற்றத்தை அங்கே வைத்துக்கொண்டால் செலவு குறைவு. நடுவழியில் மாறினால் கிளப்புகிற செலவும் சேரும்.

மூன்றாவது, யார் தொடங்குவது, யார் முடிப்பது. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. ஓடி முடித்து வேலைக்கு வரும்போது மெதுவானவர்தான் அதிகம் இரைத்துக்கொண்டிருப்பார். வேலை முடித்து ஓடக் கிளம்பும்போதும் அவர் இளைப்பாறி இருந்தால்தான் ஜோடியின் வேகம் நிற்கும். எனவே வேகமாக ஓடுகிறவர் தொடங்க வேண்டும், அவரே முடிக்கவும் வேண்டும். மெதுவானவரின் முறை நடுவில். வேகமானவர் தன் களைப்பை அடுத்த ஓட்டத்திலேயே ஆற்றிக்கொள்ளலாம், ஏனென்றால் அந்த ஓட்டத்தின் வேகம் அவருக்கு எளிது. பாய்ச்சல் சுற்றில் யார் தடத்தில் இருக்க வேண்டும் என்று மேடிசன் ஜோடிகள் போட்ட கணக்கின் இன்னொரு வடிவம்தான் இது.

விதிவிலக்கு இரண்டு. ஸ்லெட் தள்ளுவதிலும் இழுப்பதிலும் உடல் எடை பேசும். அங்கே கனமானவர் அதிகம் எடுத்துக்கொள்ளலாம். கடைசியில் வருகிற பந்து எறிதலுக்குப் பிறகு ஓட்டமே இல்லை. மிச்சம் பிடித்து என்ன செய்யப்போகிறோம்? பத்துப் பத்தாகவோ பதினைந்து பதினைந்தாகவோ, பந்தின் வேகம் குறைவதற்கு முன்பே மாற்றிக்கொண்டு, இருவரும் இருப்பதைக் காலி செய்துவிட வேண்டியதுதான்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் காட்டியபோது மருமகன் பட்டியலைக் கூட்டிப் பார்த்தான். பர்பி, துடுப்பு, மணல் மூட்டை எல்லாவற்றிலும் அவன் பங்கு ஐந்தில் மூன்று. "அப்போ நான்தான் ஜாஸ்தி செய்றேன்" என்றான். ஆமாம் என்றேன். நான் மூச்சின் எல்லையில் ஓடுகிற 8 கிலோமீட்டரை அவன் பேசிக்கொண்டே ஓடுவான் என்பதையும் சொன்னேன். ஓட்டத்தில் தூரம் சமம், வருத்தம் சமமில்லை. வேலையில் பங்கு சமமில்லை, அதனால் வருத்தம் கிட்டத்தட்டச் சமமாகிறது. யோசித்துவிட்டு, ஸ்லெட்டில் மட்டும் மூன்று நீளம் நான் தள்ள வேண்டும் என்று பேரம் பேசினான். எடைக் கணக்குப்படி அதுவும் சரி. ஒப்புக்கொண்டேன்.

கடைசியாகப் பயிற்சி முறை. தனித்தனியாகப் பலம் ஏற்றிக்கொண்டு பந்தயத்தன்று சந்திக்கிற ஜோடிக்கு 1899-இன் 30 சதவீதம் கிடைக்காது. வாரத்தில் ஒரு நாளாவது சேர்ந்து செய்ய வேண்டும். 1 கிலோமீட்டர் ஓட்டம், பிறகு ஒரு வேலை, ஒருவர் 30 விநாடி, மற்றவர் 30 விநாடி, மறுபடி ஓட்டம். மாற்றத்துக்கு ஒரே ஒரு சொல் வைத்துக்கொள்வது நல்லது. களைத்தவரால் வாக்கியம் பேச முடியாது. "மாத்து" என்று சொன்னால் கேள்வி கேட்காமல் மாற வேண்டும், சொல்வதற்கு வெட்கமும் படக் கூடாது. சொல்லத் தயங்கித் தயங்கிக் கூடுதலாகச் செய்கிற ஐந்தாறு எறிதல்கள்தான் லாக்டேட்டை ஏற்றிவிடுகிற எறிதல்கள். ஓய்வு முறையில் இருக்கிறவரும் சும்மா நிற்காமல், தடத்தின் மேல்விளிம்பில் சுற்றிய சைக்கிள்காரர் மாதிரி, காலை மெதுவாக அசைத்துக்கொண்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

மேடிசன் பந்தயங்களின் பழைய முடிவுப் பட்டியல்களைப் பார்த்தால் ஒவ்வொரு வரியிலும் இரண்டு பெயர், ஒரு எண். மில்லர், வாலர், 2,733. நிச்சயம் அவர்களுக்குள்ளும் ராத்திரி இரண்டு மணிக்கு, இன்னும் கொஞ்ச நேரம் தூங்கவிடேன் என்ற சண்டை நடந்திருக்கும். பட்டியலில் அதற்கு இடமில்லை. ஹைராக்ஸ் பட்டியலும் அதே மாதிரிதான்: இரண்டு பெயர், ஒரு நேரம்.